இரண்டு காந்திகளை வைத்துப் பிழைத்தவன்

நான் இரண்டு காந்திகளை வைத்துப் பிழைப்பு நடத்தியவன். ஒருவர் காலையில், வெளிநாட்டு விருந்தினர்களுக்கு. இன்னொருவர் சாயங்காலம், டீக்கடைக்கு. முகம் ஒன்று, கண்ணாடி ஒன்று, கைத்தடி ஒன்று. மற்றதெல்லாம் கேட்கிற ஆளைப் பார்த்து மாறும். யாரும் என்னை அப்படிப் பேசச் சொல்லவில்லை. முழுக்க என் சொந்தக் கெட்டிக்காரத்தனம்.

எனக்கு ஊர் சின்னாளபட்டி. காந்திகிராமத்தை ஒட்டிய நெசவாளர் ஊர். ஓரளவு ஆங்கிலம் பேச வரும் என்பதால், காந்திகிராமம் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுகிற வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. எந்த நிறுவனத்திலும் நான் சம்பளக்காரன் இல்லை. கார் பிடித்துக் கொடுப்பேன், கூடவே போவேன், பேசுவேன். கிளம்பும்போது கையில் ஒரு கவர் கொடுப்பார்கள்.

சொல்வதற்குக் கதைக்கா பஞ்சம்? 1946 பிப்ரவரியில், மதுரை, பழனிப் பயணத்தின்போது அம்பாத்துரை ரயில் நிலையத்தில் காந்தியைப் பார்க்கத் திரண்ட கூட்டத்திலிருந்து தொடங்குவேன். அடுத்த ஆண்டே டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சௌந்தரம், டி.வி.எஸ். குடும்பத்துப் பெண். சின்ன வயதிலேயே கணவனைப் பறிகொடுத்து, பிறகு டாக்டருக்குப் படித்து, 1940இல் ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டவர். 1956இல் கிராமிய நிறுவனம் வந்தது, 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. இதில் எதுவும் பொய்யில்லை. என் தொழிலில் பொய் சொல்லும் தேவையே வராது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

என் துருப்புச்சீட்டு மார்ட்டின் லூதர் கிங். 1959இல் அவரும் மனைவி கொரெட்டாவும் ஒரு மாதம் இந்தியாவைச் சுற்றினார்கள். பிப்ரவரியில் காந்திகிராமத்துக்கும் வந்தார்கள். அமெரிக்கர்களிடம் இதைச் சொன்னால் போதும், கண் கலங்கிவிடும். நானும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன். அதோடு கதையை முடித்துவிடுவேன்.

ஆனால் அந்தக் கதை அங்கே முடியவில்லை. அதே பயணத்தில் கிங் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். படித்தவர்களில் பெரும்பாலோர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள். தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் உங்களைப் போன்ற இன்னொரு தீண்டத்தகாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தார். முதலில் கிங்குக்குச் சுருக்கென்றிருந்தது. பிறகு யோசித்துப் பார்த்து, ஆமாம், நானும் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டதாகப் பின்னாளில் ஒரு பிரசங்கத்தில் அவரே சொன்னார். சுதந்திரம் வந்து பன்னிரண்டு ஆண்டு ஆகப்போகிற நேரம் அது. காந்தியைத் தேடி வந்தவருக்கு, காந்தியால் தீர்க்க முடியாமல் போனதும் கண்ணில் பட்டது. அந்தப் பாதியை அப்போதெல்லாம் நான் ஒரு விருந்தினருக்கும் சொன்னதில்லை.

லண்டன் கதையையும் இப்படித்தான் வெட்டிவைத்திருந்தேன். 1931இல் வட்டமேசை மாநாட்டுக்குப் போன காந்தி, லங்காஷயர் மில் தொழிலாளர்களைப் பார்க்கப் போனார். அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலை போனவர்கள் அங்கே இருந்தார்கள். அப்படியும் டார்வன் ஊர் மில் பெண்கள் அவரைச் சூழ்ந்து ஆரவாரம் செய்தார்கள். அந்தப் படம் உலகப் பிரசித்தம். ஐரோப்பியர்களுக்கு இந்தக் கதை அல்வா மாதிரி இறங்கும். அதே மாநாட்டில் அம்பேத்கரும் நம்ம ஊர் இரட்டைமலை சீனிவாசனும் உட்கார்ந்திருந்தார்கள். ஒடுக்கப்பட்டவர்களுக்கும் சேர்த்துத் தானே பேசுவதாகக் காந்தி சொன்னதை அம்பேத்கர் நேருக்கு நேர் மறுத்தார். அடுத்த வருஷம், ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி கொடுத்ததை எதிர்த்து, எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தார். 1932 செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. தனி வாக்காளர் தொகுதி போனது, அதற்குப் பதிலாக 148 ஒதுக்கீட்டு இடங்கள் வந்தன. ஓர் உயிரைப் பணயம் வைத்துக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்ற கோபம் இன்னும் ஆறவில்லை. என் கார் போன வழியில் அந்தக் கோபத்துக்கு இடமில்லை.

சாயங்காலக் காந்தி வேறு ஆள். டீக்கடையில் கடன் சொல்கிறவன் 'காந்தி கணக்குல எழுதிக்கப்பா' என்பான். தேர்தல் நேரத்தில் ரூபாய் நோட்டில் காந்தி சிரிப்பதைப் பற்றி ஒரு நக்கல் வரும். அவர் வருணாசிரமக்காரர்தானே என்று ஒருவர் எடுத்துக்கொடுப்பார். 1925இல் காஞ்சிபுரத்தில் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறிய கதையை எடுத்துவிடுவது நான்தான். படித்தவன் சொல்கிறான் என்று எல்லாரும் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்காகவே சொல்வேன்.

அங்கேயும் பாதிதான். அதே பெரியார், 1948இல் காந்தி கொல்லப்பட்டபோது, இந்த நாட்டுக்குக் காந்தி நாடு என்று பெயர் வைக்கலாம் என்றவர். ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கதவு திறக்கும்வரை மீனாட்சி கோயிலுக்குள் காந்தி காலெடுத்து வைக்கவில்லை. 1939 ஜூலையில் மதுரைக் காங்கிரஸ்காரர் வைத்தியநாதய்யர் அங்கே ஆலயப் பிரவேசம் நடத்திய பிறகு, 1946இல்தான் உள்ளே போனார். காலையில் நான் அளந்த அதே பயணம். காந்தியத்தால் என்ன ஆயிற்று என்று கேட்கிறவனுக்கு, நம் மாவட்டத்தில் தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனைக் காட்டியிருக்கலாம். 1968இல் கீழ்வெண்மணி எரிந்த பிறகு கணவரோடு கீழத்தஞ்சைக்குப் போய் உட்கார்ந்து, நிலமில்லாத பெண்களின் பெயரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எழுதிவைக்கப் பாடுபட்டவர். 2008இல் சுவீடனில் மாற்று நோபல் என்று பெயர்பெற்ற விருதை இருவருக்கும் கொடுத்தார்கள். டீக்கடையில் அந்தப் பெயரை நான் எடுத்ததே இல்லை. எடுத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

என்னைக் கையும் களவுமாகப் பிடித்தவன் கார் ஓட்டுகிற தம்பி. காலையில் ஸ்டியரிங் பிடித்தபடி ஒரு காந்தியைக் கேட்பான். சாயங்காலம் டீக்கடையில் இன்னொரு காந்தியைக் கேட்பான். ஒருநாள் விருந்தினர்களை மதுரை விமான நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வருகிறோம்.

"அண்ணே, இதுல எது நெசமான காந்தி?"

"ரெண்டும்தான்" என்றேன், சமாளித்து.

"அப்ப ரெண்டையும் ரெண்டு எடத்துலயும் சொல்லலாம்லண்ணே?"

நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச தூரம் போனபின், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "எங்க தெரு வழியா ஒரு நாள்கூட காரை விடச் சொன்னதில்லையேண்ணே. அதுதான் குறுக்கு வழி" என்றான்.

அவன் இருப்பது தலித் மக்களின் காலனியில். அது குறுக்கு வழி என்பது எனக்கும் தெரியும். எந்தத் தெருவில் கார் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவன் நான்தான். விருந்தினர்கள் கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று ஒவ்வொரு முறையும் சுற்றிப் போகச் சொன்னேன். அதற்கு டீசல் காசையும் அவர்கள் தலையிலேயே கட்டினேன்.

அதுவரை என்னிடம் ஒரு சமாதானம் இருந்தது. தலைவர் யாராக இருந்தாலும் வெளியூரில் கும்பிடுவார்கள், உள்ளூரில் குறை சொல்வார்கள், தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பேன். உதாரணத்துக்கு லண்டனைக் காட்டுவேன். அரைநிர்வாணப் பக்கிரி என்று காந்தியை ஏளனம் செய்தவர் சர்ச்சில். அவர் சிலை நிற்கும் நாடாளுமன்றச் சதுக்கத்திலேயே 2015இல் காந்திக்கும் சிலை வைத்தார்கள். ஆனால் கானா நாடும் தூரம்தானே? அக்ராவில் பல்கலைக்கழக வளாகத்தில் 2016இல் வைத்த காந்தி சிலையை 2018 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்த இளவயதில் கறுப்பர்களைப் பற்றி அவர் இழிவாக எழுதியதை அங்கே உள்ள பேராசிரியர்களும் மாணவர்களும் படித்திருந்தார்கள். ஆகவே தூரத்தின் மேல் பழி போட முடியாது. ஒரு தலைவரின் பெயர் ஊருக்கு ஊர் வேறாக இருக்கிறதென்றால், நடுவில் என்னைப் போல ஒருவன் நின்று, இங்கே இவ்வளவு போதும், அங்கே அவ்வளவு போதும் என்று அளந்து கொடுத்துக்கொண்டிருக்கிறான். கும்பிடுகிறவர்களிடம் குறையைச் சொல்லியிருக்க வேண்டும், குறை சொல்கிறவர்களிடம் நிறையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் எந்த இடத்தில் எதற்குக் கைதட்டு கிடைக்குமோ அதைச் சொன்னேன்.

அடுத்து வந்த விருந்தினர்களிடம் திருவனந்தபுரத்தையும் பூனாவையும் சேர்த்துச் சொன்னேன். காரும் காலனி வழியாகப் போனது. யாருக்கும் மனம் உடைந்துவிடவில்லை. வயதான ஓர் அம்மாள் அம்பேத்கர் எழுதியதில் முதலில் எதைப் படிக்கலாம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். கவரும் குறையவில்லை. இத்தனை காலம் காந்தியைக் காப்பாற்றுவதாக நினைத்து என் வசதியைத்தான் காப்பாற்றியிருக்கிறேன்.

அதைச் சாதனையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. விருந்தினர்களிடம் உண்மை பேச அப்படியென்ன துணிச்சல் வேண்டும்? நாளைக்கு அவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள். டீக்கடையில் தினமும் அதே பெஞ்சில், அதே ஆட்களோடு உட்கார வேண்டும். காந்தி கணக்கு என்று யாராவது சொன்னால் நான் இன்னும் கூடச் சேர்ந்து சிரிக்கத்தான் செய்கிறேன். 1946இல் மீனாட்சி கோயிலுக்குள் அவர் ஏன் போனார், அதுவரை ஏன் போகவில்லை என்பதை அந்தப் பெஞ்சில் இருக்கிறவர்களுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.