ஆனி கடைசி வரைக்கும்

அரூர்,
வைகாசி 5.

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே டவர் போய்விட்டது. அப்புறம் எத்தனை தடவை போட்டும் கிடைக்கவில்லை. மலையில் அது வழக்கம்தான். ஆனால் நீ கடைசியாகச் சொன்ன விஷயம் ராத்திரி முழுக்க மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் காகிதம் எடுத்தேன். காலையில் சித்தேரி பஸ்ஸில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புகிறேன். கொடுவாளை எடுப்பதற்கு முன்னால் படித்துவிடு.

வாசல் புளியமரத்தின் கிளை ஓட்டின் மேல் சாய்ந்துவிட்டது, ஆடிக் காற்றில் முறிந்தால் ஓடு தூளாகும், எச்சமும் சருகும் விழுகிறதென்று அக்கம்பக்கத்திலும் முணுமுணுக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்துக் கழித்துவிடப் போகிறேன் என்றாய். நியாயந்தான். ஆனால் அதோடு சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். ஆட்டுப்பட்டிக்குப் போகும்போதெல்லாம் ரெட்டைவால் குருவி ஒன்று தலையில் கொத்துகிற மாதிரி பாய்ந்து வருகிறது என்று. தம்பி, அது கரிச்சான். சும்மா அப்படி வராது. அந்த மரத்தில் கூடு இருக்கிறது. முட்டையோ குஞ்சோ இருக்கிறது.

அது நடுமரத்தில் கூடு கட்டாது. கிளையின் நுனிப்பக்கம், இரண்டாகப் பிரிகிற கவையில், குச்சியும் வேரும் வைத்துச் சிலந்தி நூலால் ஒட்டி, சின்னக் கிண்ணம் போலக் கட்டும். கீழே நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. நீ கழிக்க நினைக்கிற நுனிக்கிளைதான் அதற்குப் பிடித்த இடம். அந்தச் சின்ன உடம்பை வைத்துக்கொண்டு காக்கையையும் பருந்தையும் விரட்டுகிற தைரியம் அதற்கு. அந்தக் காவலை நம்பி மணிப்புறாவும் கொண்டைக்குருவியும் மாங்குயிலும்கூட அதே மரத்தில் கூடு கட்டுவதுண்டு. ஒரு கிளை சாய்ந்தால் எத்தனை வீடு சாயுமோ, யார் கண்டது.

போன வருஷம் இங்கே எங்கள் தெருவில் நடந்ததை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. சொல்ல மனசு வரவில்லை. தெருமுனை வேப்பமரம் ஒயர் மேல் படர்ந்துவிட்டதென்று வீட்டுக்கு 200 ரூபாய் போட்டு மரம் வெட்டுகிறவரைக் கூப்பிட்டோம். நானும் கொடுத்தேன். இதே வைகாசி மாசம். முதல் கிளை விழுந்ததும் விறகுக்கு ஆகுமே என்று இழுக்கப் போனேன். இலைக்குள்ளே பாதிக் கொட்டாங்குச்சி அளவில் ஒரு கூடு, அதில் இரண்டு குஞ்சு. இறகு முளைக்கவில்லை, கண்ணும் திறக்கவில்லை. நான் கிளையைத் தொட்டதும் தாய் வந்துவிட்டதென்று நினைத்து வாயைத் திறந்தன. வாய்க்குள் அப்படி ஒரு சிவப்பு. நிமிர்ந்து பார்த்தால், தாய்க் கரிச்சான் அலகில் ஒரு வெட்டுக்கிளியோடு, கிளை இருந்த இடத்தையே சுற்றிச் சுற்றிப் பறக்கிறது. உட்கார அங்கே ஒன்றுமில்லை. வெட்டுக்கிளியைக் கீழே போடவும் இல்லை. குஞ்சுகளைப் பஞ்சு வைத்து வீட்டுக்குள் கொண்டுபோனேன். சாயங்காலத்துக்குள் இரண்டும் செத்துப்போயின.

அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒன்றைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மனுஷர் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பொய். ஒரு சின்னக் கூடையில் கூட்டோடு வைத்து, அதே மரத்தில் எட்டுகிற உயரத்தில் நிழலாகக் கட்டிவிட்டு நாம் தள்ளிப் போயிருந்தால், அந்த வெட்டுக்கிளி குஞ்சு வாய்க்குப் போயிருக்கும். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இன்னும் கூடுதல் வேதனை.

2022இல் கேரளாவில் மலப்புறம் பக்கம் நெடுஞ்சாலையை அகலப்படுத்த ஒரு பெரிய மரத்தைச் சாய்த்தார்களே, அந்த வீடியோவை நீதான் எனக்குக் காட்டினாய். பறக்கத் தெரிந்தவை எழும்பிப் போயின, கூட்டிலிருந்த குஞ்சுகள் ரோட்டில் கொத்துக்கொத்தாக விழுந்தன. "கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாமே" என்று அப்போது நீயே சொன்னாய். வனத்துறை வழக்குப் போட்டது. காட்டுப் பறவையின் கூட்டையும் முட்டையையும் அழிப்பது 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக் கணக்கில்தான் வரும். சட்டத்தைப் பற்றி இதோடு நிறுத்திக்கொள்கிறேன். 1992இல் நம் மலையடிவாரத்தில் வாச்சாத்தி கிராமம் வனத்துறைக்காரர்களிடம் பட்ட பாட்டுக்குப் பிறகு, வனத்துறையைக் காட்டி நம் ஜனங்களிடம் எதையும் கேட்க எனக்கு வாய் வராது.

கேட்டால் செய்கிறவர்கள் நம் ஜனங்கள். சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடியை எடுத்துக்கொள். 2020இல், கொரோனா ஊரடங்கு சமயம், தெருவிளக்கு சுவிட்ச் இருக்கிற பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. சுவிட்சைத் தொட்டால் கூடு கலையும். ஒரு குருவிக்காக ஊரே இருட்டில் கிடப்பதா என்று சிலர் கேட்கத்தான் செய்தார்கள். பேசிப் பேசி ஒத்துக்கொண்டார்கள். குஞ்சு பறக்கிற வரைக்கும் 35 நாள் தெருவிளக்கே எரியவில்லை. அதே மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்துப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில், பறவை மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஆசை இருக்காதா?

உன்னிடம் நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். கரிச்சான் அடைகாக்க 15 நாள் ஆகும். பொரித்த குஞ்சு கூட்டை விட்டுப் போக இன்னும் 20 நாள் வரைக்கும் பிடிக்கும். இன்றைக்குத்தான் முட்டையிட்டது என்று வைத்தாலும் ஆனி நடுவில் கூடு காலியாகிவிடும். அதற்கு அப்புறமும் ஆடிக் காற்று ஆரம்பிக்க நாள் இருக்கிறது. ஆனி கடைசியில் கழித்துக்கொள். கூலியில் பாதி நான் தருகிறேன். இதை ஒப்புக்குச் சொல்லவில்லை.

அதுவரைக்கும் ஓட்டுக்குப் பயமாக இருந்தால், சுவர்ப்பக்கம் பட்டுப்போன கிளை ஒன்று இருக்குமே, அதை மட்டும் எடு. ஆனால் பட்ட கிளைதானே என்று அதையும் பார்க்காமல் உடனே வெட்டிவிடாதே. பொந்து இருந்தால் மைனா குஞ்சு வைத்திருக்கும். அப்பா புளி உலுக்கப் போகும்போது என்ன செய்வார், ஞாபகம் இருக்கிறதா? தொரட்டியை மேலே நீட்டுவதற்கு முன்னால் அடிமரத்தில் கட்டையால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பார். ஏதாவது விருட்டென்று கிளம்பினால் அது எந்தக் கவையிலிருந்து வந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்துப் புளியை விட்டுவிடுவார். நீயும் அப்படிச் செய்து பார்.

முணுமுணுக்கிற வீட்டுக்காரர்களிடம் நான் சொன்னதாகச் சொல். எச்சம் விழுகிற இடத்தில் பழைய சாக்கு ஒன்றை விரித்துப் போடு. பாப்பாவைத் தினமும் சாயங்காலம் தள்ளி நின்று கூட்டைப் பார்க்கச் சொல். முதல் குஞ்சு கிளைக்கு வந்து உட்கார்ந்ததும், மேட்டில் டவர் கிடைக்கிற இடத்துக்கு வந்து அவளே எனக்குப் போன் போடட்டும். அவளுக்கு வளையல் வாங்கி வைத்திருக்கிறேன், ஆனியில் வரும்போது கொண்டுவருகிறேன்.

பட்டிக்குப் போகும்போது தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
அக்கா