ஒரு தொட்டி, ரெண்டு ஆக்ஸலாட்டல், நடுவுல ஒரு தடுப்பு

மெக்சிகோ பிராணியை பெங்களூரு வாடகை வீட்டில் வளர்ப்பது நம்ம ஐடியா இல்லை மக்களே. கனடாவுக்குப் பறந்த ஆபீஸ் நண்பர் மூன்றடித் தொட்டி, சில்லர், பதிவுக் காகிதங்கள் சகிதம் ரெண்டு ஆக்ஸலாட்டல்களை எங்களிடம் விட்டுப் போனார். வெள்ளைக்கு இட்லி, கறுப்புக்கு எள்ளுருண்டை என்று தங்கமணி பெயர் வைத்தாச்சு.

எள்ளுருண்டை பெரிசு. பக்கத்தில் எது அசைந்தாலும் அதற்குச் சாப்பாடுதான். ஒருநாள் காலையில் இட்லியின் முன்னங்கால் பாதியைக் காணோம்! ஆக்ஸலாட்டலுக்குக் கால் திரும்ப முளைக்கும், உண்மைதான். ஆனால் முளைக்கிற காலையும் கடித்தால்? புண்ணில் பூஞ்சை பிடித்தால்?

தனித்தொட்டி வாங்கலாம். ஆனால் இதுகளுக்குத் தண்ணீர் 16 முதல் 18 டிகிரி வரை இருக்கணும். 24-ஐத் தாண்டினால் அவஸ்தை. பெங்களூரு ஏப்ரலில் இன்னொரு தொட்டி என்றால் இன்னொரு சில்லர். ஏற்கெனவே வீடியோ காலில் மதுரை அம்மா, "ஏண்டா, உனக்கே ஏசி இல்ல, பல்லிக்கு எதுக்குடா?" என்கிறார். ஆக, குளிர்ந்த தண்ணீர் இரு பக்கமும் ஓடணும், வாய் மட்டும் எட்டக்கூடாது. அதற்குத்தான் தடுப்பு.

அவென்யூ ரோடில் நாலு ஸ்டிக் ஃபைல், எம்பிராய்டரி போடுகிற பிளாஸ்டிக் கேன்வாஸ், ஒரு ட்யூப் மீன்தொட்டி சிலிக்கான். எல்லாம் 500 ரூபாய்க்குள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம், விஷம். இரும்பு வலையும் வேண்டாம், துருப்பிடிக்கும், தோலைக் கிழிக்கும். ஓட்டை பெரிசாக இருந்தால் விரல் மாட்டும்.

ஈரக் கண்ணாடியில் சிலிக்கான் ஒட்டாது. அதனால் ரெண்டையும் தனித்தனி டப்பில் விட்டு, உறைந்த தண்ணீர் பாட்டிலை வெளியே சாய்த்து வைத்துக் குளிர வைத்தோம். ஃபில்டர் ஸ்பாஞ்ச் பழைய தண்ணீரிலேயே ஊறட்டும், நல்ல பாக்டீரியா அதில்தான் இருக்கு. ஸ்டிக் ஃபைலின் முதுகுப் பட்டைகளை எதிரெதிர்க் கண்ணாடிகளில் நெட்டுக்குத்தாக ஒட்டினேன். கேன்வாஸ் ரெண்டை தூண்டில் நரம்பால் இணைத்துத் தைத்தது தங்கமணி. வெட்டிய விளிம்பை நகம் தேய்க்கும் அரத்தால் மழுக்கியதும் அவர்தான். 48 மணி நேரம் காய்ந்து, வினிகர் வாசம் சுத்தமாகப் போன பிறகு கேன்வாஸைப் பட்டைக்குள் இறக்கினோம். அடியில் இடுக்கு இருக்கக்கூடாது, மேலே தண்ணீர் மட்டத்தைத் தாண்டி நிற்கணும்.

மண்புழு இப்போது அவரவர் பக்கத்தில், தனித்தனிப் பந்தி. தடுப்பில் பாசி படிந்தால் உருவிக் கழுவி மாட்டிடலாம்.

சில வாரத்தில் இட்லிக்கு மொட்டு மாதிரி வந்து, அப்புறம் நாலு விரலும் முளைத்துவிட்டது. "இனிமே தடுப்பை எடுத்துடலாமா?" என்றேன். "கால் முளைச்சிடுச்சு சரி, எள்ளுருண்டைக்குப் புத்தி முளைச்சிடுச்சா?" என்றார் தங்கமணி. தடுப்பு அங்கேயேதான் இருக்கு :-)