பந்தை நிறுத்தியவர்

கோலார் தங்கவயலுக்கு நம் முன்னோர் பொன் தேடி வந்தவர்கள் அல்லர். கூலி தேடி வந்தவர்கள். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கப் பணியைத் தொடங்கிய பின், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து லைன் வீடுகளில் குடியேறினர். துரைமார் ஆடிய ஹாக்கி, காலப்போக்கில் அவர்தம் பேரப்பிள்ளைகளாகிய எங்கள் கைக்கும் வந்தது.

ஹாக்கியை அறியாத அன்பர்களுக்கு ஒன்று கூற வேண்டும். எதிரணியினர் தம் வட்டத்துக்குள் தவறிழைத்தால் நமக்குப் 'பெனால்டி கார்னர்' கிடைக்கும். கோல்காப்பாளர் உட்பட ஐவர் மட்டுமே தடுக்க நிற்பர். மற்றவர் நடுக்கோட்டுக்கு அப்பால் சென்றுவிட வேண்டும். இதைவிட நல்ல வாய்ப்பு அரிது. ஆனால் அது ஒருவர் செயலன்று. கோல்கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிடுவார், வட்டத்துக்கு வெளியே ஒருவர் அதை நிறுத்துவார், மூன்றாமவர் அடிப்பார். கோல் விழுந்தால் கைதட்டல் அடித்தவருக்கே. நிறுத்தியவரின் பெயரை யார் கேட்கிறார்?

எங்கள் அணியில் அப்படி நிறுத்துபவர் ஒருவர் இருந்தார். புல் முளைக்காத மைதானம். சயனைடு மேட்டிலிருந்து காற்று புழுதியை வாரி இறைக்கும். கல் பட்டுப் பந்து எப்பக்கம் துள்ளும் என்று சொல்ல இயலாது. அத்தரையிலும் அவர் மட்டையைத் தாழ்த்தினால் பந்து பெட்டிப் பாம்பாய் அடங்கும். சுரங்கத்திலும் அவருக்கு அதே போன்ற வேலைதான். பாறை சரியாதபடி மரத்தால் முட்டுக்கொடுப்பது. 2001 பிப்ரவரி 28இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. சில மாதங்களில் அவர் மனைவி மக்களோடு வேற்றூருக்குப் பிழைக்கப் போனார்.

அதன்பின் எங்களுக்குக் கார்னர் கிடைத்தது, கோல் கிடைக்கவில்லை. பார்வையாளர் அடிப்பவரை ஏசினர். அவரோ காலையும் மாலையும் பயிற்சி செய்தார். உள்ளங்கை கொப்புளித்ததே மிச்சம். முன்னாளில் ஆடி ஓய்ந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் ஒரு நாள் சொன்னார்: "அவன் கையைப் பார்க்காதீங்கப்பா, பந்து நிக்கிற எடத்தைப் பாருங்க."

உண்மை அதுவே. புதியவர்களை அவ்விடத்தில் நிறுத்திப் பழக்கினோம். அவர்களும் ஒருவர்பின் ஒருவராக மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் திரும்பலாயினர். மாலைப் பயிற்சிக்கு ஆள் ஏது?

உலக அரங்கிலும் இந்நிலை நேர்வதுண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில், பிரிட்டனுக்கு எதிராக நம் அமித் ரோகிதாசுக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. எஞ்சிய பதின்மரும் போராடி வென்றனர். ஆனால் ஜெர்மனியுடன் நடந்த அரையிறுதியில் அவர் ஆடத் தடை. எதிரணி கார்னர் அடிக்கையில் முதல் ஆளாகப் பாய்ந்து பந்தை மறிப்பவர் அவர். அன்று ஜெர்மனியின் முதல் கோல் கார்னரில்தான் விழுந்தது. இந்தியா 3-2 எனத் தோற்றது. அவர் இருந்திருந்தால் வென்றிருப்போம் என்று அறுதியிட்டுக் கூற முடியாது. ஆயினும் அவர் நின்ற இடம் வெறிதாயிற்று என்பதை மறுக்கவும் முடியாது. அவர் திரும்பி வந்ததும் ஸ்பெயினை 2-1 என வென்று வெண்கலம் பெற்றோம்.

நாட்டு அணிக்கு அவர் திரும்பினார். எங்கள் அணிக்கு எவரும் திரும்பவில்லை.

தங்கவயலை விட்டுச் சென்ற நம் மக்கள் பல ஊர்களில் சிறப்புற வாழ்கின்றனர். மருத்துவரானவரையும் பொறியாளரானவரையும் மேடையேற்றிப் பாராட்டுகிறோம், பாராட்டுவது முறையே. அவர்கள் அடிப்பதற்கென்று பந்தை நிறுத்திக் கொடுத்தவர் ஒருவர் ஒவ்வொரு வீட்டிலும் இருந்திருப்பார்: இரவு ஷிப்டு பார்த்த தந்தை, படிப்பை விட்ட அண்ணன், காதுத்தோட்டை அடகு வைத்த தாய். அடுத்த முறை நம் குடும்பங்கள் ஒன்றுகூடும்போது, அவர்கள் பெயரையும் ஒருமுறை உரக்கச் சொல்வோமாக.