ஏஸ் ஜோடியின் விலை: 2010 உலகப் போக்கர் தொடரின் நாட்குறிப்பு

2010 ஜூலை 5–8, லாஸ் வேகஸ்

உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி ரியோ விடுதியில் தொடங்கியுள்ளது. தலைக்கு 10,000 டாலர் கட்டணம் செலுத்திய 7,319 பேர், ஆளுக்கு 30,000 சில்லுகளுடன், நான்கு தொடக்க நாள்களில் பிரிந்து அமர்கின்றனர். இங்கு ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டம் வகையில் ஒவ்வொருவருக்கும் பிறர் காணாத இரு சீட்டுகள் தரப்பட்டு, பின்னர் ஃபிளாப் எனப்படும் மூன்றும், டர்ன் எனப்படும் ஒன்றும், ரிவர் எனப்படும் ஒன்றுமாக ஐந்து பொதுச் சீட்டுகள் மேசையில் விரிக்கப்பட, ஏழில் சிறந்த ஐந்தை அமைத்தவர் பந்தயக் குவியலை வெல்கிறார். கைக்கு வரக்கூடிய 1,326 இணைகளில் ஏஸ் ஜோடிகள் ஆறே என்பதால், அது 221 பங்கீடுகளுக்கு ஒருமுறை என்ற விகிதத்திலேயே ஒருவருக்குக் கிட்டுகிறது.

அவ்வாறு கிட்டியதை எப்படி ஆடுவது என்பதைச் சில்லு இருப்பின் ஆழமே தீர்மானிக்கிறது. பெரிய பிளைண்ட் எனப்படும் கட்டாயப் பந்தயம் இப்போது 100 சில்லுகள்தான், அதாவது ஒவ்வொருவரிடமும் அதைப் போல் 300 மடங்கு இருப்பு உள்ளது; இந்நிலையில் சிறு ஜோடியுடன் மலிவாக நுழையும் எதிராளி, ஏறத்தாழ எட்டரை முறைக்கு ஒருமுறை ஃபிளாப்பில் தம் ஜோடிக்கு மூன்றாவது சீட்டைப் பெற்று, ஏஸ் ஜோடியை விட மனமில்லாதவரின் முழு இருப்பையும் பறிக்க முடியும். ஆகவே ஃபிளாப்புக்கு முன்பே தயங்காமல் உயர்த்திக் கூட்டத்தைக் குறைப்பது முதற்கடமையாகிறது. ஒரே எதிராளியின் ஏதேனும் இரு சீட்டுகளுக்கு எதிராக 85 விழுக்காடு வெல்லும் ஏஸ் ஜோடி, எட்டு எதிராளிகள் இறுதிவரை நின்றால் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே கடந்த அளவுக்குத்தான் வெல்கிறது.

ஜூலை 17

இறுதி ஒன்பது பேரைத் தெரிந்தெடுக்கும் நாள். மாட் அஃப்லெக்கிடம் ஏஸ் ஜோடி, கனடாவின் ஜோனதன் டுஹமெலிடம் ஜாக் ஜோடி; மேசையில் 10, 9, 7 விழுந்து டர்னில் குயின் சேர்ந்ததும், அஃப்லெக் எஞ்சிய சில்லுகள் அனைத்தையும் வைத்து, ஆல்-இன் எனப்படும் முழுப் பந்தயத்தை அறிவிக்க, டுஹமெல் நெடுநேரம் யோசித்து ஏற்கிறார். காணப்படாத 44 சீட்டுகளில் நான்கு எட்டுகள், நான்கு கிங்குகள், இரண்டு ஜாக்குகள் ஆகிய பத்து மட்டுமே டுஹமெலுக்கு உதவக்கூடியவை. ரிவரில் எட்டு விழுகிறது; 8 முதல் குயின் வரையிலான தொடர்வரிசை அமைந்து, ஏறத்தாழ 4.1 கோடி சில்லுகள் டுஹமெலிடம் சேர, அஃப்லெக் 15ஆம் இடத்துடன் வெளியேறுகிறார்.

இம்முடிவைக் காட்டி அஃப்லெக்கின் ஆட்டத்தைக் குறைகூறுவது அநீதி. 77 விழுக்காடு சாதகமான நிலையில் எதிராளியைப் பணம் போடவைத்தவர் செய்யத்தக்கது வேறெதுவும் இல்லை. ஆனால் இழந்ததும் மறுபடி பணம் கட்டி அமரக்கூடிய சாதாரண மேசையில் காலப்போக்கில் ஈடுசெய்யப்படும் அந்த 23 விழுக்காடு, இத்தகைய போட்டியில் ஒருமுறை நேர்ந்தாலே ஆட்டம் முடிந்துவிடுகிறது. 80 விழுக்காட்டு வாய்ப்பில் ஐந்து முறை முழு இருப்பையும் பணயம் வைப்பவர் ஐந்திலும் தப்புவதற்கான வாய்ப்பு 33 விழுக்காடுதான். எதிராளியைவிடப் பெரிய இருப்பு உடையவருக்கோ தோல்வி வெளியேற்றமாவதில்லை. இதே நாளில் ஜோசப் சியோங்கின் ஏஸ் ஜோடி, இத்தாலியின் ஃபிலிப்போ காண்டியோ துணிந்து ஆடிய 7-5 சீட்டுகளிடம் தோற்றும், சியோங் இறுதி ஒன்பதில் இடம்பெற்றது அதனால்தான்.

நவம்பர் 6–7

ஏறத்தாழ நான்கு மாத இடைவெளிக்குப் பின் இறுதி மேசை கூடியது. ஜேசன் சென்டியின் ஏஸ்-கிங், ஃபிளாப்பிலேயே இரு கிங்குகளைப் பெற்றும், சியோங்கின் பத்து ஜோடி தொடர்வரிசையாக வளர்ந்ததால் வீழ்ந்தது.

மூவர் எஞ்சிய கட்டம் தனிக் கவனத்துக்கு உரியது. ஜான் ரேசனரின் இருப்பு மிகச் சிறியது. இரண்டாம் பரிசு 5,545,955 டாலர், மூன்றாம் பரிசு 4,130,049 டாலர் என்றிருக்கையில், பெரிய இருப்புடைய டுஹமெலும் சியோங்கும் தமக்குள் மோதாமல் ரேசனர் வெளியேறும்வரை காத்திருப்பதே கணக்குப்படி இருவருக்கும் நலம். மோதித் தோற்றால் மூன்றாமிடத்துக்குச் சரிய நேரும் என்ற அச்சத்தையே ஆயுதமாக்க முயன்ற சியோங், உயர்வுக்கு மேல் உயர்வாக நீண்ட மோதலின் முடிவில், ஏஸ்-7 மட்டும் வைத்துக்கொண்டு ஆல்-இன் அறிவித்தார். இதை வெறும் வெறியாகக் கருதலாகாது: தம்மிடம் ஒரு ஏஸ் இருப்பதால் டுஹமெலிடம் ஏஸ் ஜோடி அமையும் வழிகள் ஆறிலிருந்து மூன்றாகக் குறைவதை அவர் அறிந்திருப்பார். ஆனால் டுஹமெலிடம் குயின் ஜோடி இருந்தது. இவ்வாறு துணிந்து மோதும் எதிராளியிடம் அது கைவிடத்தக்க சீட்டு அன்று என்று கணித்து டுஹமெல் ஏற்றார். மேசையில் ஏஸ் விழவில்லை, ஆட்டத்திலிருந்த 21.957 கோடி சில்லுகளில் 17.7 கோடி ஒரே பங்கீட்டில் டுஹமெலிடம் சென்றது. மீந்த சில சில்லுகளையும் விரைவில் இழந்த சியோங் மூன்றாமிடம் பெற்றார்.

நவம்பர் 8

டுஹமெலும் ரேசனரும் எதிரெதிரே அமர்ந்தனர். இறுதிப் பங்கீட்டில் டுஹமெலிடம் ஏஸ்-ஜாக், ரேசனரிடம் கிங்-8. பொதுச் சீட்டுகள் எவருக்கும் உதவாமையால் ஏஸின் உயர்வே போதுமானதாகி, டுஹமெல் 8,944,310 டாலர் முதற்பரிசை வென்றார்.