புத்தகம் வந்த சேதி

நூலகங்களின் மீது எனக்கு நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. அவை பேசுவதே இல்லை. 'நிசப்தம்' என்று சுவரில் எழுதி வைத்திருப்பது வாசகருக்காக. அந்தக் கட்டளையை நூலகமும் அல்லவா சிரமேற்கொண்டு நடக்கிறது!

நேமத்தான்பட்டியில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து முகப்புத் திண்ணையில் சாய்ந்திருந்தபோது அந்த வீட்டு ஆச்சி பேச்சுக் கொடுத்தார். தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்து வைத்துப் படித்த தலைமுறை.

"நூலகத்துக்கு ஆள் அனுப்பிப் புத்தகம் எடுத்து வரச் சொல்லலாமே, ஆச்சி?" என்றேன்.

"என்ன புத்தகம்னு சொல்லி அனுப்புறது, தம்பி? ரேஷன் கடையிலே சீனி போட்டா தெருவே சொல்லுது. புத்தகம் வந்திருக்குன்னு யாரு வந்து சொன்னாக?"

வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டுகிறவர் கேட்ட கேள்வி இது.

எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்து. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. மூன்றாவது அதைத் திருப்பிப் போடுகிறது: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். இதுதான் வம்பு பிடித்த விதி. புத்தகத்துக்குக் கால் கிடையாது. அதற்காக நூலகர்தான் நடக்க வேண்டும். அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் போயின. வண்டி வந்து நின்றாலே தெருவுக்குச் சேதி தெரிந்துவிடும்.

இதே செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதும் ஓவியர், தனி மனிதராக ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் பிறவும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தார். 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்க, சென்னையில் அவர் பெயரால் நூலகம் எழுந்தது. சிகாகோவுக்கு எட்டிய சேதி கோட்டையூரில் எத்தனை வீடுகளுக்கு எட்டியதோ!

எல்லா ஊருக்கும் வண்டி விட முடியாதுதான். ஒரு பலகை வைக்கலாமே! வாசகர் வட்டம் இருக்கிறதே என்பீர்கள். நான் போன சில கூட்டங்களில் பொன்னாடை போர்த்தவே பாதி நேரம் போயிற்று. கடைத்தெருவில் ஒரு கரும்பலகை. அதில் புதிதாக வந்த நூலைப் பற்றி நூலகரே தம் சொந்த வார்த்தையில் இரண்டு வரி. 'இந்தக் கதையில் வரும் மாமியாரை நம் ஊரில் பார்த்திருக்கிறேன்' என்று எழுதட்டும். அன்று மாலையே நாலு பேர் வருவார்கள். வாசகர் எழுத நூலகத்தில் ஒரு நோட்டு. முதல் வாரம் அது வெறுமையாகக் கிடக்கும். இரண்டாம் வாரம் யாராவது, 'முடிவு பிடிக்கவில்லை' என்று எழுதுவார். அதன் கீழே நூலகர் பதில் எழுத வேண்டும்.