அப்பாவுக்கு வந்த அக்கியும் நான் எழுதிய ‘ஐந்து எளிய வழிகளும்’!

“பாப்பா, நீ எழுதினதைத்தான் பார்த்தேன். அதுல போட்டிருந்த மாதிரியே செஞ்சேன்.”

அப்பா இதைச் சொன்னபோது, சட்டை போடாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இடது தோள்பட்டைக்குக் கீழே முதுகில் ஆரம்பித்து, விலாவைச் சுற்றி மார்பு வரை ஒரு பட்டை. அதன்மேல் காய்ந்துபோன காவி. காவிக்கு அடியில் கொத்துக் கொத்தாகக் கொப்புளங்கள்.

எங்கள் வீடு நசரத்பேட்டையில். அப்பாவுக்கு 58 வயது. திருமழிசை சிட்கோவில் லேத் பட்டறை வேலை. அதற்கு முந்தைய வாரம்தான் முதுகு எரிகிறது என்றார். “வெயிட் தூக்கியிருப்பீங்க” என்றேன். மறுநாள் இடது மார்பிலும் வலி. பயந்துபோய் இசிஜி எடுத்தோம். நார்மல். ‘அப்போ வாயுதான்’ என்று அம்மா பூண்டு ரசம் வைத்தார்.

அடுத்த நாள் கொப்புளங்கள் வந்தன. பக்கத்து வீட்டு ஆயா பார்த்ததுமே சொல்லிவிட்டார், “இது அக்கி. உடனே எழுதிடுங்க. தலையும் வாலும் ஒண்ணா சேர்ந்துட்டா உயிருக்கே ஆபத்து.”

அந்த நாள்களில் எனக்கு நைட் ஷிஃப்ட். நான் திரும்பும்போது அப்பா தூங்கிக்கொண்டிருப்பார்; நான் எழுந்திருக்கும்போது பட்டறைக்குப் போயிருப்பார். ‘அவளை ஏன் பயமுறுத்தணும்’ என்று வீட்டில் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

முன்பெல்லாம் மண்பானை செய்பவர்கள் அக்கி எழுதுவார்கள். காவியைக் குழைத்து, கொப்புளங்களைச் சுற்றி சிங்கம் வரைவார்கள். இப்போது அப்படி எழுதுபவர் யாரும் பக்கத்தில் இல்லை. அதனால் அப்பா போனை எடுத்தார். என் பெயர் போட்டு வந்த எல்லாக் கட்டுரைகளின் லிங்க்கையும் அவர் சேமித்து வைத்திருக்கிறார். அதில் ஒன்று, ‘அக்கியை விரட்டும் ஐந்து எளிய வழிகள்!’

டிப்ளமோ முடித்து முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் எழுதியது. ஒரு நாளைக்கு ஆறு கட்டுரை தர வேண்டும். இதற்கு இருபது நிமிடம் ஆகியிருக்கும். எந்த டாக்டரிடமும் பேசவில்லை. ‘காவிக்கல்லைப் பன்னீரில் குழைத்துப் பூசினால் மூன்று நாள்களில் குணமாகும்’ என்று எழுதியிருந்தேன். அப்பா மூன்று நாள்கள் காத்திருந்தார்.

நான்காம் நாள் பூந்தமல்லியில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். “சின்ன வயசுல அம்மை வந்திருக்கா?” என்று கேட்டார்.

“வந்துச்சு சார். மூணு தண்ணி ஊத்தினாங்க, போயிடுச்சு” என்றார் அப்பா.

“போகலை. முதுகுத்தண்டுக்குப் பக்கத்துல நரம்பு முடிச்சுல இத்தனை வருஷமா தூங்கிட்டு இருந்துச்சு.”

மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு முதுகெலும்பு வரைந்து, அதிலிருந்து இரண்டு பக்கமும் கோடுகள் இழுத்தார். ஒவ்வொரு நரம்பும் தோலில் ஒரு பட்டையைப் பார்த்துக்கொள்கிறது. சின்னம்மை வைரஸ் விழிக்கும்போது ஒரு நரம்பின் வழியாகத்தான் தோலுக்கு வருகிறது. அதனால்தான் அக்கி, கோடு கிழித்த மாதிரி உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் வருகிறது. கொப்புளத்துக்கு முன்பே நரம்பு வலிக்கத் தொடங்கிவிடும். நாங்கள் இசிஜி எடுத்ததும் இந்த வலிக்குத்தான்.

ஆயா பயந்தது போலத் தலையும் வாலும் சேர்வது மிக அரிது. வலது பக்கத்துக்கு வேறு நரம்பு. எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு உடல் முழுக்கப் பரவலாம். ஆபத்து அதில்தான் இருக்கிறது, வளையத்தில் இல்லை. 1900-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹென்றி ஹெட், ஆல்ஃபிரட் கேம்பெல் என்ற இரு மருத்துவர்கள், அக்கி வந்தவர்களின் உடலில் இருந்த பட்டைகளை வைத்துத்தான் எந்த நரம்புக்கு எந்தப் பகுதி என்று வரைபடமே போட்டார்கள்.

தோலில் வரும் எல்லாக் கோடுகளும் அக்கி அல்ல. குழந்தைகளின் கை, காலில் சொரசொரப்பாகக் கோடு போல வந்து, பெரும்பாலும் தானாகவே மறையும் அழற்சி ஒன்று உண்டு. வரிவரியான மச்சங்களும் உண்டு. கருவில் தோல் செல்கள் வளர்ந்து சென்ற பாதையில் வருபவை இவை. 1901-ல் அந்தப் பாதைகளை வரைந்து காட்டிய ஜெர்மானிய மருத்துவர் பிளாஷ்கோவின் பெயரிலேயே அவை அழைக்கப்படுகின்றன. ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வரும் வெண்புள்ளியும் இருக்கிறது. இவை எதுவும் தொற்றாது. அக்கிக் கொப்புளத்தின் நீர் பட்டால் மட்டும், அம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் தள்ளியிருப்பது நல்லது.

“காவி பூசினா சரியாயிடுதுன்னு சொல்றாங்களே டாக்டர்?” என்று கேட்டேன். “பூசினாலும் பூசலைன்னாலும் ரெண்டு, மூணு வாரத்துல கொப்புளம் காய்ஞ்சிடும்மா. பேர் காவிக்குப் போயிடும். ஆனா, நரம்பு உள்ள அடிபட்டுக்கிட்டே இருக்கும். கொப்புளம் வந்து 72 மணி நேரத்துக்குள்ள வைரஸுக்கான மாத்திரையை ஆரம்பிக்கிறதுதான் நல்லது.”

நான் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதிய கொப்புளங்கள் இன்னும் வந்துகொண்டிருந்ததால் அப்பாவுக்கு மாத்திரை தொடங்கினார்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்திருந்தால், கண்ணே பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். 50 வயதைக் கடந்தவர்களுக்கான தடுப்பூசி 2023-ல் இந்தியாவுக்கு வந்துவிட்டது. இரண்டு தவணை, விலை அதிகம். அப்படி ஒன்று இருப்பதுகூட எனக்குத் தெரியாது. ஐந்து வழிகளில் அது இல்லை.

நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. கொப்புளங்கள் காய்ந்து தழும்பாகிவிட்டன. வலி மட்டும் போகவில்லை. ஃபேன் காற்று பட்டாலே “மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி இருக்குது” என்கிறார். நரம்பு வலிக்கு இரவில் மாத்திரை போடுகிறார். முதல் நாளே போயிருந்தாலும் வலி தங்கியிருக்கலாம் என்று டாக்டர் எனக்கு ஆறுதல் சொன்னார். ஆனால், அந்த மூன்று நாள்களை நான் எப்படி மறப்பது?

பழைய அலுவலகத்துக்கு மூன்று முறை மெயில் அனுப்பி, அந்தக் கட்டுரையை நீக்க வைத்தேன். அதற்குள் அதை எத்தனை பேர் தங்கள் அப்பாவுக்கு ஃபார்வேர்டு செய்தார்களோ!

அப்பா ஒரு முறைகூட என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. போன வாரம், “இப்ப என்ன எழுதுற?” என்று கேட்டார். “உங்களைப் பத்திதான்பா” என்றேன். “வந்ததும் லிங்க் அனுப்பு” என்றார்.

இதையும் சேமித்து வைப்பார். அதனால்தான் இதில் இருக்கும் மருத்துவத் தகவல்களை வரிவரியாக டாக்டரிடம் படித்துக் காட்டிய பிறகே அனுப்புகிறேன்.