கரையில் இருக்கும் உம்மாமார்



நுவரெலியாவின் கிரகரி வாவி முன்பு வெறும் சதுப்பு நிலம். 1873ஆம் ஆண்டு, ஆளுநர் சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், அது வாவியாக்கப்பட்டது. குளிர் தேடி மலையேறிய துரைமாரும் துரைசானிமாரும் அங்கே படகோட்டி மகிழ்ந்தனர். தோட்டங்களில் உழைத்த பெண்களுக்கு அந்த ஓய்வு ஏது?

இன்று எவரும் சீட்டு வாங்கிப் படகேறலாம். மானிப்பாயிலிருந்து குடும்பங்களாகப் போயிருந்தோம். ஆண்களும் பிள்ளைகளும் படகேறினர். பெண்களோ சோற்றுச் சட்டியையும் செருப்புகளையும் காத்தபடி கரையிலேயே இருந்துவிட்டனர்.

நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதை மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறோம். மனைவியை மகிழ்விப்பதும் சுன்னத்துதானே? அடுத்த பயணத்தில் சட்டியை ஆண்கள் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். இதை வீட்டில் வாசித்தும் காட்டுங்கள்.